வெள்ளைக் கூரையில் இரண்டு சோடிச் சப்பாத்து

ஓகஸ்ட் 21, வியாழன்

இந்த விமான நிலையத்தின் தரை மரம். அதைத்தான் முதலில் கண்டேன். கட்டுநாயக்கவிலும் டோகாவிலும் எங்கள் பெட்டிச் சில்லுகள் கல்லில் கடகடவென்று உருண்டன. ஒஸ்லோவில் இறங்கிக் கொஞ்சத் தூரம் வந்ததும் சத்தம் மாறிவிட்டது. வீட்டுக்குள் யாரோ கதிரையை இழுப்பது போல இருந்தது. குனிந்து பார்த்தேன். பலகை. இவ்வளவு பெரிய இடத்துக்குப் பலகைத் தரை போட வேண்டும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்? நான் திடீரென்று குனிந்ததால் பின்னால் வந்தவர் என்மேல் முட்டிக்கொண்டார். அவர் என்னிடம் ஏதோ சொன்னார். அம்மா "சொறி, சொறி" என்றார்.

பாஸ்போட் பார்க்கும் இடத்திலும் அப்படித்தான். எத்தனை நாள் நிற்பீர்கள் என்று அந்த அலுவலர் என்னைத்தான் கேட்டார். அம்மா பதில் சொன்னார். அவர் மறுபடியும் என்னையே பார்த்தார். "ஷீ இஸ் ஷை, சேர்" என்றார் அம்மா. அம்மாவுக்குப் பிழையில்லாமல் தெரிந்த ஆங்கில வசனங்களில் இது ஒன்று. எனக்காகவே பாடமாக்கியது.

நாங்கள் போவது ரொறன்ரோவுக்கு. அப்பா அங்கே இருக்கிறார். அவர் போகும்போது எனக்கு ஏழு வயது, இப்போது பதினெட்டு. அடுத்த விமானம் ஞாயிறுதான் என்பதால் இடையில் மாமா வீட்டில் நிற்கிறோம். மாமா அம்மாவின் அண்ணா. இங்கே பஸ் ஓட்டுகிறார். அவருடைய மகள் ஆரணி மச்சாள் கட்டடம் கட்டுகிற படிப்புப் படிக்கிறாள். எங்களை நகரம் காட்டுகிற பொறுப்பு அவளுக்கு.

சாப்பிட்டு முடிந்ததும் அப்பா போனில் வந்தார். அம்மா படம் தெரிகிற மாதிரி என் பக்கம் திருப்பினார். நான் மேசைக்குக் கீழே விழாத கரண்டியை எடுக்கப் போனேன்.

"பிள்ளை என்ன முடிவு?" என்று அப்பாவின் குரல் கேட்டது. "பள்ளிக்கூடமெண்டால் திங்கள் காலமை நான் கூட்டிக்கொண்டு போய்ப் பதியவேணும். அண்டைக்கு லீவு போடவேணும். இல்லையெண்டால் குலத்தாரிட்ட சொல்லவேணும். அவரும் வேற ஆள் பிடிக்கவோ எண்டு கேட்டுக்கொண்டிருக்கிறார்."

"அவள் குலத்தாரிட்டயே போறாளாம்" என்றார் அம்மா.

"அவள் சொன்னவளோ, நீர் சொல்லுறீரோ?"

"அவளைத் தெரியாதே உங்களுக்கு."

அப்பா, "எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறமுதல் முடிவு சொல்லச் சொன்னார்.

குலத்தார் என்றது குலம் மாமாவை, அப்பாவின் கூட்டாளி. கலியாண மண்டபங்களுக்கு மணவறை செய்து கொடுக்கிறார். ரெஜிபோம் என்கிற பாரமில்லாத வெள்ளை அட்டையில் யானை, மயில், தூண் எல்லாம் வெட்டிப் பொன்நிறம் அடிப்பார்களாம். எனக்கு அங்கே பின்னறையில் பூ ஒட்டுகிற வேலை. ஒருவரோடும் கதைக்கத் தேவையில்லை என்று அம்மா சந்தோசமாகச் சொன்னார். எனக்கும் சந்தோசம்தான். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். வயிற்றுவலி.

எட்டு மணிக்கும் இங்கே வெளிச்சம். மாமியோடு சேர்ந்து கோப்பை கழுவினேன்.

ஓகஸ்ட் 22, வெள்ளி

அம்மாவின் சேலைக்குச் சரிவராது என்றாலும் மாமி தன்னுடைய கத்தரிப்பூ நிறக் கோட்டை அவருக்குக் கொடுத்தார். இரவல் உடுப்பு என்பதால் அம்மா பஸ்ஸில் சாயாமல் இருந்தார்.

முதலில் நூலகம். கண்ணாடியும் வெளிச்சமுமாக, மேல்மாடி மட்டும் தெருப்பக்கம் எட்டிப் பார்க்கிற மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. நான் எந்தக் கட்டடத்தைக் கண்டாலும் முதலில் கதவைத்தான் தேடுவேன். யாருடைய கண்ணிலும் படாமல் உள்ளே போக வழி இருக்கிறதா என்று பார்ப்பேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு கேற். அதற்குள்ளால் வந்தால் மேடைக்கு முன்னால் முழு மைதானத்தையும் கடந்துதான் வகுப்புக்குப் போகலாம். இந்த நூலகத்துக்கு ஒரு பக்கமில்லை, பல பக்கமும் கதவு. எதற்குள்ளாலும் போகலாம். பெயர் என்ன, எங்கிருந்து வருகிறாய் என்று கேட்க ஒருவரும் இல்லை. நான் ஒரு கதவால் போய் இன்னொன்றால் வெளியே வந்து, திரும்பவும் உள்ளே போனேன்.

"என்ன மச்சாள், கள்ளன் மாதிரிக் கதவு பாக்கிறாய்?" என்றாள் ஆரணி. அவளுடைய தமிழ் சரியாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு வசனமும் கடைசியில் மேலே ஏறிப் பாட்டுப் போல முடியும்.

"எந்தக் கதவு முன்கதவு?"

"முன்கதவு எண்டு ஒண்டு வேண்டாமெண்டுதான் இப்பிடி. எங்களுக்கு ஒரு முழு வருசம் இதைத்தான் படிப்பிச்சவை. ஆள் எங்கயால வரும், வரேக்க என்ன நினைக்கும் எண்டு."

இதைப் படிப்பாகப் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் இது என்னுடைய வருத்தம், எனக்கு மட்டும் வந்த நோய் என்றல்லவா நினைத்திருந்தேன்.

அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சுவர் வெறும் கொங்கிறீற். சாந்து பூசவில்லை, வெள்ளை அடிக்கவில்லை.

"பணக்கார நாடெண்டு அண்ணா சொன்னவர். உங்க பார், பூசாமல் விட்டிருக்கு."

"மாமி, அது பூசுறேல்ல. அதுதான் வடிவு" என்றாள் ஆரணி அம்மாவிடம்.

"எங்கட வீட்டுக்கும் நாலு வருசமாய் அதுதான் வடிவு" என்றார் அம்மா.

ஆரணி சிரித்த சிரிப்பில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் புத்தக அலுமாரிக்குப் பின்னால் போய்விட்டேன்.

ஒரு மூலையில் தையல் மிஷின்கள் இருந்தன. நூலகத்தில்! யாரும் வந்து தைக்கலாமாம். தாடி வைத்த பெடியன் ஒருவன் காற்சட்டைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தான். அம்மா வீட்டில் தைப்பவர். அவனுடைய முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "தையல் தூரத் தூர விழுகுது" என்று எனக்குச் சொன்னார். கை துருதுருத்தது. அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்ததும், "ஷீ இஸ் ஷை" என்று என்னைக் காட்டினார். அவன் என்னை ஒன்றும் கேட்கவே இல்லை.

வெளியே வந்தால் கடலோரமாக உயரமான ஒரு அருங்காட்சியகம். அதன் மேற்பகுதி முன்னால் சரிந்து நிற்கிறது, யாரோ கூப்பிட்டதற்குத் தலையைக் குனிந்து காது கொடுப்பது போல. அம்மா அதற்குக் கிட்ட வரமாட்டேன் என்றார். "சரிஞ்சதைக் கட்டி முடிச்சிருக்கினம். பாத்தும் நிப்பாட்ட ஒருத்தரும் இல்லையோ?"

அது ஏன் விழவில்லை என்று நான் ஆரணியைக் கேட்டேன். அவள் நாங்கள் இருந்த வாங்கிலில் தன் புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நீட்டி அடுக்கி, பின்பக்கம் என்னுடைய கையை வைத்து அழுத்தச் சொன்னாள். கையை எடுத்ததும் எல்லாம் சரிந்து விழுந்தன.

"உன்ர கைதான் அந்தக் கட்டடத்துக்குள்ள இருக்கு. வெளியால தெரியாது."

"கை எவ்வளவு பாரம் எண்டு எப்பிடித் தெரியும்?"

"கணக்கு இருக்கு."

"காத்தடிச்சால்?"

"அதுக்கும் கணக்கு இருக்கு."

"உள்ளுக்குச் சனம் எல்லாம் ஒரே பக்கத்தில போய் நிண்டால்?"

ஆரணி புத்தகங்களைப் பொறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ கதைக்கமாட்டாய் எண்டு மாமி சொன்னவ. கதைக்கிறாய்தானே?"

"கேள்வி கேக்கிறது கதைக்கிறதில்லை."

"சரி, அப்ப நான் ஒரு கேள்வி. ஏன் பள்ளிக்கூடத்தால நிண்டனீ?"

"வயித்துவலி."

"மூண்டு வருசமாவோ?"

நான் கடலைப் பார்த்தேன். ஒரு கடற்பறவை தூணில் நின்று ஒற்றைக் காலை மடித்துக்கொண்டிருந்தது. ஆரணி அதற்குமேல் கேட்கவில்லை. எனக்கு அவளைப் பிடிக்கிறது.

ஓகஸ்ட் 22, பின்னேரம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் ஒருவர் மேடையில் ஏறி மைக்கில் செய்தி வாசிக்க வேண்டும். என் முறை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. வயிற்றுவலி புதன்கிழமை தொடங்கியது.

ஓகஸ்ட் 23, சனி

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஒப்பெரா மண்டபம் பார்க்கப் போனோம். பாட்டுக்கச்சேரி நடக்கிற இடம். அதற்குக் கூரை என்று மேலே தனியாக ஒன்று இல்லை. கூரையே சரிந்து இறங்கித் தரையாகிறது, தரை அப்படியே போய்க் கடலுக்குள் நுழைகிறது. எல்லாம் வெள்ளைக் கல். தண்ணீர் வந்து கல்லை நக்கிவிட்டுப் போகிறது. யாரும் ஏறலாம். கதவே வேண்டாம், உள்ளே பாடுகிறவர்களின் தலைக்கு மேலே நடந்து திரியலாம். இப்படி ஒரு கட்டடத்தை நான் நினைத்தும் பார்த்ததில்லை.

"நீங்கள் ஏறுங்கோ. நான் ஐஸ்கிறீம் வாங்கிக்கொண்டு வாறன்" என்று ஆரணி போய்விட்டாள். நல்ல வெயில், கடைக்கு முன்னால் நீளமான வரிசை.

அம்மா வெள்ளைக் கல்லில் கால் வைக்கப் போய், நின்றார்.

"சப்பாத்தைக் கழட்டு."

"எல்லாரும் சப்பாத்தோடதான் போகினம், அம்மா."

"அதுகளுக்குத் தெரியாது. இவ்வளவு வடிவான வெள்ளைக் கல்லு. மிதிச்சு ஊத்தையாக்கிறதே?"

கழற்றினோம். நடுவில் வைத்தால் யாராவது இடறி விழுவார்கள் என்று தண்ணீர் ஓரமாக, ஒருவரும் நடக்காத இடத்தில், இரண்டு சோடியையும் அம்மா நேராக அடுக்கினார். ஏறும்போது வேர்க்கும் என்று மாமியின் கோட்டையும் கழற்றினார். இரவல் கோட்டு அழுக்காகக் கூடாது என்று உள்பக்கம் வெளியே வர நாலாக மடித்துச் சப்பாத்தின்மேல் வைத்தார். பிறகு சொக்ஸோடு ஏறினோம். வழுக்கியது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

உச்சியில் இருந்து பார்த்தால் ஒரு பக்கம் நகரம், மறுபக்கம் தீவுகள். நேற்றுப் பார்த்த சரிந்த கட்டடம் இங்கிருந்து எங்களைப் பார்த்துத் தலை குனிந்தது. வசதியாக இருந்துவிட்டோம். அம்மா ஊரில் இருந்து கொண்டுவந்த பயித்தம் பணியாரத்தை எடுத்தார்.

கீழே தண்ணீர் ஓரத்தில் சனம் கூடியது. நாயோடு ஒரு பெண் கையைக் காட்டிக் காட்டிக் கத்தினார். மஞ்சள் அங்கி போட்ட ஆட்கள் ஓடி வந்தார்கள், பிறகு பொலிஸ். ஒரு படகு வேகமாக வந்து நின்றது.

"ஆரோ விழுந்திட்டினம் போல" என்றார் அம்மா. பணியாரத்தைப் பையில் வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "பாவம், எந்தத் தாய் பெத்த பிள்ளையோ. முருகா, காப்பாத்து."

நானும் கும்பிட்டேன். யார், எந்த இடத்தால் விழுந்திருப்பார்கள், கல் ஈரமோ என்று எட்டிப் பார்த்தேன். அப்போது ஒரு பொலிஸ் பெண் குனிந்து எதையோ எடுத்து உதறினார். கத்தரிப்பூ நிறமாக விரிந்தது.

"அம்மா. அது மாமியின்ர கோட்டு."

அம்மாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் என் கையை இறுக்கிப் பிடித்தார். "அசையாத. ஆரணி வரட்டும். அவளுக்குப் பாஷை தெரியும். பொலிஸ் எழுதினால் விசாவைக் கிழிச்சுப் போடுவாங்கள், கனடாவும் இல்லை ஒண்டும் இல்லை."

ஆரணி தெரியவில்லை. வரிசை இன்னும் நீளமாகத்தான் இருந்தது. படகில் கறுப்பு றப்பர் உடுப்புப் போட்ட ஒருவர் முகமூடியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் எனக்காக இறங்கப் போகிறார். இல்லாத என்னைத் தேடி அந்தக் குளிருக்குள் போகப் போகிறார். எவ்வளவு நேரம் தேடுவார்? கிடைக்காவிட்டால் எப்போது நிறுத்துவார்?

நான் அம்மாவின் கையை எடுத்துவிட்டேன்.

நடந்து பார்த்தேன், வழுக்கியது. சரிவான இடத்தில் இருந்துகொண்டு சறுக்கினேன். கிட்டப் போய் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. எல்லோரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு எனக்கு முதுகு காட்டி நின்றார்கள். படகின் இரைச்சல் வேறு. அந்த மனிதர் முகமூடியைப் போட்டுக்கொண்டார்.

கத்தினேன். படித்த ஆங்கிலத்தில் எது முன்னால் வந்ததோ அதைக் கத்தினேன். "அது என்னுடைய சப்பாத்து! நான் உயிரோடு இருக்கிறேன்!"

எல்லோரும் திரும்பினார்கள். அவ்வளவு முகங்கள். மைக் இல்லை, மேடை இல்லை, நான் சொக்ஸோடு நின்றேன்.

பொலிஸ் பெண் இரண்டு சோடியையும் காட்டினார். "மற்றது யாருடையது?"

"அம்மாவுடையது. அவரும் உயிரோடுதான் இருக்கிறார். அங்கே மேலே."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். உச்சியில், செம்மஞ்சள் சேலையில், அம்மா ஒரு புள்ளியாக நின்று எல்லோரையும் கும்பிட்டார்.

நாயோடு வந்த பெண் கல்லிலேயே குந்தி அழத் தொடங்கினார். பிறகு அழுதுகொண்டே சிரித்தார். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். என்ன நடந்தது என்று யோசிக்க முதல் நானும் சிரித்துவிட்டேன். படகில் இருந்தவர் முகமூடியைக் கழற்றி எனக்குக் கையசைத்தார்.

பொலிஸ் பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டார். வெள்ளைக் கல், எங்கள் ஊரில் கோயிலில் இப்படித்தான், அழுக்காகிவிடும் என்று சொன்னேன். வசனங்கள் துண்டு துண்டாக வந்தன, ஆனாலும் வந்தன. அவர் தன் சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். என் பெயரைக் கேட்டார். யதுர்சிகா என்றேன். விளங்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன், உரக்க. அதைக் கேட்டுவிட்டு ஒன்றையும் எழுதவில்லை. இனிமேல் தண்ணீர் ஓரத்தில் சப்பாத்து வைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

ஆரணி மூன்று ஐஸ்கிறீமோடு ஓடி வந்தாள். எல்லாம் உருகி முழங்கை வரைக்கும் வழிந்திருந்தது. "ஒரு ஐஸ்கிறீம் வாங்கிற நேரத்துக்குள்ள ரெண்டு பேரும் செத்தே போயிட்டீங்கள்?"

அம்மா மெதுவாக இறங்கி வந்து சேர்ந்தார். "உன்னை ஆர் போகச் சொன்னது?" என்று ஏசினார். பிறகு குனிந்து என் சப்பாத்துக்கு நூல் கட்டப் போனார்.

"நான் கட்டுறன், அம்மா."

ஓகஸ்ட் 23, படுக்க முதல்

ஆரணி கேட்டாள்: "அந்த வெள்ளைக் கல்லில உனக்கு என்ன பிடிச்சது?" கால் இன்னும் குளிருகிறது என்றேன். அவள் தன்னுடைய கம்பளிச் சொக்ஸை எறிந்தாள்.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

காலையில் கோட்டை மாமியிடம் திருப்பிக் கொடுத்தோம். ஒப்பெரா கதை ஏற்கனவே மாமாவின் பஸ் கூட்டாளிகள் வரைக்கும் போய்விட்டது. மாமா என்னைக் கண்டதும், "உயிரோட இருக்கிறியோ பிள்ளை?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

குலம் மாமாவின் பின்னறையைப் பற்றி யோசித்தேன். எனக்கு அது நன்றாகத் தெரிகிறது, போய் இருந்து பார்த்தது போல. ஒரு கதவு, பசை மணம், பொன்நிற மயில். அங்கே யாரும் என்னைக் கேள்வி கேட்க மாட்டார்கள். நானும் யாரையும் கேட்க முடியாது. அந்த நூலகத்தின் மேல்மாடியை எந்தக் கை பின்னால் அழுத்திப் பிடித்திருக்கிறது என்று ஆரணியிடம் கேட்க மறந்துவிட்டேன். எங்களை வழியனுப்பிவிட்டு அவள் போய்விட்டாள். ரொறன்ரோப் பள்ளிக்கூடத்தில் என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு இருக்க வேண்டிவரும். எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள். வயிறு இப்போதே கொஞ்சம் வலிக்கிறது.

விமான நிலையத்தில் மறுபடியும் பலகைத் தரை. பெட்டிச் சில்லு அதே சத்தம் போட்டது.

விமானம் ஏறக் கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால் அப்பா எடுத்தார். அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஓம், ஏறப் போறம். ஓம், சாப்பிட்டம்" என்றார். பிறகு, "பிள்ளையோ? அவள் சொல்லுறாள்..." என்று தொடங்கி, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நான் கையை நீட்டினேன். அம்மா போனைத் தந்தார். அதை எடுத்துக்கொண்டு சனம் இருந்த வரிசைகளைக் கடந்து கண்ணாடி ஓரத்துக்குப் போனேன்.

"அப்பா, நான் யது கதைக்கிறன்" என்றேன். "நாளைக்கு லீவு போடுங்கோ."